மாரியம்மன் முன்னால் நான் சொன்னது

நான் மூன்றாவது வரை படித்தவன். அதற்குப் பிறகு கையில் கத்தி வந்துவிட்டது. எங்களை ஊரில் குடிமகன் என்பார்கள். முடி வெட்டுவது, சவரம் செய்வது, கவுண்டர் வீட்டுக் கல்யாணங்களில் மணவறை முன்னால் நின்று வாழ்த்துப் பாடுவது எல்லாம் என் வேலை. பிரசவம் பார்ப்பது என் மனைவியின் வேலை. மோகனூரிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். நெல் அறுத்தால் களத்தில் எங்களுக்கும் ஒரு பங்கு கொடுப்பார்கள். வேறு பிழைப்பு கிடையாது.

யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி ஒருநாள் கத்திகளைச் சாணை பிடிக்க நாமக்கல் போனேன். மலையடியில் கூட்டம். கதர் கட்டிய நாலைந்து பேர் மேடையில் இருந்தார்கள். ஒருவர் தீண்டாமையைப் பற்றிப் பேசினார். நன்றாகத்தான் பேசினார். கடைசியில், இனி ஒருவரையும் ஒதுக்கமாட்டோம் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். எல்லோரும் தூக்கினார்கள். வலது கையில் கத்திப்பை இருந்தது. அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டு நானும் தூக்கினேன். பக்கத்தில் நின்ற ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பி நடந்த தூரம் முழுக்க உடம்பு லேசாக இருந்தது. சாணை பிடிக்க மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவள் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள்.

“நெசமாலுமே தூக்குனீங்களா?” என்றாள்.

“பின்னே? அத்தனை பேருக்கு முன்னால தூக்குனேன்.”

“அப்படீன்னா சேரியில கூப்புட்டா நான் போலாமுங்களா?”

இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. “கூப்புட்டாப் பாத்துக்கலாம்” என்றேன்.

“கூப்புட்டுக்கிட்டேதான் இருக்கறாங்க. நீங்க திட்டுவீங்கன்னு நாந்தான் போகலை” என்றாள். மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

மாசி மாதம் ஒரு மத்தியானம், ஊருக்குக் கிழக்கே இருந்த சேரியிலிருந்து ஒருவன் வந்தான். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரின் பண்ணையத்தில் வேலை செய்கிறவன். எங்கள் வேலிக்கு வெளியே நின்று, “அம்மா, அம்மா” என்று கூப்பிட்டான். அவன் பெண்சாதிக்கு ரெண்டு நாளாக வலி. சேரியில் பிரசவம் பார்க்கிற கிழவிக்குக் கை நடுங்குகிறதாம். என்ன செய்வதென்று தெரியவில்லை என்றான்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கயிற்றையும் குடத்தையும் எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டேன். வீட்டில் தண்ணீர் இருந்தது.

திரும்பி வந்தபோது அவள் இல்லை. தொப்புள்கொடி அறுக்கிற கத்தியும் விளக்கெண்ணெய்க் கிண்ணமும் இல்லை.

பொழுது சாயும் முன்பே வந்தாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். “பையன். காலுதான் முதல்ல வந்துச்சு. திருப்பி எடுத்தேன். அவளும் பொழைச்சுக்குவா” என்றாள். அன்றைக்கு அவள் முகம் எப்படி இருந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. எழுதத் தெரியவில்லை.

அந்த ஆளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் காலையில் கட்டுத்தறியில் மாட்டை அவிழ்க்கும்போதே எல்லோரிடமும் சொல்லிவிட்டான். நம்ம மருத்துவச்சியம்மா சேரிக்கே வந்து ரெண்டு உயிரைக் காப்பாத்திக் குடுத்தாங்க என்று. நன்றியில் சொன்னது. மறைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. மறைக்கச் சொல்லி நாங்களும் சொல்லவில்லை.

நான் புளியமரத்தடியில் உட்கார்ந்துதான் சவரம் செய்வேன். அன்றைக்கே அங்கே பேச்சு வந்துவிட்டது. முகத்தில் தண்ணீர் தடவி வைத்திருந்த ஒரு கவுண்டர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

“ஏண்டா, உன்ற ஊட்டுக்காரி இப்பெல்லாம் கெழக்கால போயிட்டு வாராளாமா?”

நான் கத்தியைத் தாடையில் வைத்தேன்.

“நாமக்கல்லுல கையத் தூக்குனானாமா” என்றார் காத்திருந்த இன்னொருவர். “காந்தி கட்சி.”

“கையத் தூக்குன நேரத்துக்கு இந்தக் கத்தியச் சித்தெ தீட்டியிருந்தீன்னா என்ற தாடைக்குப் புண்ணியமாப் போயிருக்கும்” என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மாரியம்மன் கோயிலில் ஊர் கூடும் என்று சொல்லி அனுப்பினார்கள். சேரிப் பெண்ணைத் தொட்ட கை கவுண்டர் வீட்டுப் பெண்களைத் தொடலாமா என்பதுதான் பேச்சு. தொடக்கூடாது என்று முடிவானால் எங்களைத் தள்ளி வைப்பார்கள். நெருப்புக் கிடைக்காது, தண்ணீர் கிடைக்காது, களத்தில் பங்கு கிடைக்காது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஊர்க்கவுண்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மாட்டுத் தாழிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“என்ற மருமவளுக்கு எட்டு மாசம். உன்ற பொண்டாட்டியத் தள்ளி வெச்சுப்போட்டா நான் ஆரைக் கூட்டியாருவேன்?”

“தெரியலீங்க சாமி.”

“போகலைன்னு சொல்லிப்போடு. கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிப்போடு. அதோட தீந்துது.”

“போனது எல்லாருக்குந் தெரியுமுங்களே.”

“தெரிஞ்சா என்ன? எங்கூட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வாழ்த்துப் பாடற வாயி உன்றது. அந்த வாயில வந்தா ஒருத்தனும் எதுத்துப் பேசமாட்டான். அவிங்களுக்கும் அதுதாண்டா வேணும். ஆரு ஊட்டுல புள்ளைத்தாச்சி இல்லை?”

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்கக் கூடாது. நிம்மதியாகத்தான் இருந்தது.

கோயிலில் ஆண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சேரி ஆளையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவன் கோயில் வேம்புக்கு அந்தப்பக்கம் வெயிலில் நின்றான். பெண்களைக் கூப்பிடவில்லை. என் மனைவி வீட்டில் இருந்தாள்.

தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். நான் சொன்னேன்: “என்ற ஊட்டுக்காரி சேரிக்குப் போகலீங்க. ஆத்தா மேல சத்தியம்.” உள்ளங்கையை வைத்து அணைத்தேன். பெரிய சூடு ஒன்றும் இல்லை. யாரோ இருமினார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அங்கிருந்த அத்தனை பேருக்கும் அது பொய் என்று தெரியும்.

அதோடு தீர்ந்தது என்று திரும்பினேன். அந்த ஆள் அங்கே நிற்பதை நான் யோசிக்கவில்லை. இப்போது எழுதும்போதும் இதுதான் விளங்கவில்லை. ஒரே விஷயத்தில் அவள் போகவில்லை என்று நான் சொன்னால், வந்தாள் என்று சொன்னவன் என்ன ஆவான்? எனக்கு அது தோன்றவேயில்லை.

ஊர்க்கவுண்டர் அவனைப் பார்த்தார். “அப்பொ இவன் சொன்னது பொய்யி. ஊர்மேல பழி போட்டிருக்கறான்.”

“இல்லீங்க சாமி, நான் பொய் சொல்லலீங்க” என்றான் அவன். “அம்மா வந்தாங்க. இவிங்களையே கேளுங்க சாமி.” என்னைக் கை காட்டினான்.

நான் தட்டில் இருந்த கரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவனைத் தரையில் நெடுக விழச் சொன்னார்கள். “நான் சொன்னது பொய்” என்று அவனை மூன்று தரம் சொல்லச் சொன்னார்கள். ரெண்டு தரம் சொன்னான். மூன்றாவது தரம் குரல் வரவில்லை. கேக்கலை, இன்னொரு தரம் சொல்லு என்றார்கள். சொன்னான். எழுந்தபோது நெற்றியிலும் உதட்டிலும் மண் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமலே போனான்.

எனக்கு முன்னால் சேதி வீட்டுக்கு வந்திருந்தது. என் மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

“அவனை மண்ணுல நெடுக உழுவ வெச்சாங்களா?”

“ஆமா.”

“நீங்க நின்னு பாத்தீங்களா?”

“உன்னத் தள்ளி வெச்சிருப்பாங்க புள்ள. சோத்துக்கு என்ன பண்ணுவோம்?”

“தள்ளி வெக்கட்டும். போனேன்னு சொல்லிப்போட்டுத் தள்ளியிருந்தா நான் கம்முனு இருந்திருப்பேன்” என்றாள். “நீங்க கையத் தூக்குனேன்னு சொன்னதை நான் நெசமுன்னு நெனைச்சுட்டேனுங்க.”

உள்ளே போனாள். சோறு போட்டாள். அடுத்த மாதம் ஊர்க்கவுண்டர் மருமகளுக்குப் பிரசவம் பார்த்தாள். அந்தக் கைதான்.

சேரியிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. இவள் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டே இருப்பாள். வைகாசியில் அங்கே ஒரு பெண் பிரசவத்தில் இறந்துபோனாள். ரெண்டு நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. களை வெட்டப் போகிற சேரிப் பெண் ஒருத்தியை வாய்க்கால் கரையில் நிறுத்தி, தன்னை ஏன் கூப்பிடவில்லை என்று என் மனைவி கேட்டிருக்கிறாள்.

“எப்படீங்க கூப்புடறது?” என்றாளாம் அந்தப் பெண். “நீங்க வந்தீங்கன்னு நாங்க சொன்னாலே அது பொய்யாப் போயிருதே. ஆரு போயி மண்ணுல உழுவறது?”

இதை என்னிடம் சொல்லும்போது என் மனைவி அழவில்லை. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொன்னாள். கூப்பிட்டால் போவது என்பதுதான் அவள் வைத்திருந்த ஒரே கொள்கை. ஊர் அதைத் தடுக்கவில்லை. நான்தான் கூப்பிட ஆள் இல்லாமல் செய்துவிட்டேன்.

பிறகு அவள் கூப்பிடாமலே போக ஆரம்பித்தாள். யாருக்கு எத்தனை மாதம் என்று வயக்காட்டில் விசாரித்துவைத்துக்கொள்வாள். பட்டப்பகலில், கத்தியையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் கூடையில் வைத்து, மேலே துணி போடாமல், கவுண்டர் தெரு வழியாகவே போவாள். முதல் நாள் சேரியில் கதவைத் திறக்கவில்லையாம். வெளியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். மத்தியானத்துக்கு மேல் திறந்தார்கள்.

எங்களைத் தள்ளி வைப்பார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. புளியமரத்தடியில் சிரித்தார்கள்.

“அவ சேரிக்குப் போறதில்லைன்னு சத்தியம் ஆயிருச்சப்பா. அப்பொ இது வேற ஆரோ போறாங்க” என்பார் ஒருவர்.

“எனக்குப் பகல்ல கண்ணுத் தெரியறதில்லை” என்பார் இன்னொருவர்.

அவர்கள் வீட்டிலும் பிள்ளைத்தாச்சிகள் இருந்தார்கள். உன் பொய்யால் நல்லதுதானே ஆச்சு என்று என் பங்காளி ஒருவன் சொன்னான். கொஞ்ச நாள் நானும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தச் சேரி ஆளைக் கவுண்டர் தெருக்காரர்கள் பொய்யன் என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். ஏய் பொய்யா, மாட்டைப் பிடி. ஏய் பொய்யா, மடையில தண்ணி மாறு. பையன் நடக்கத் தொடங்கியதும் அவன் பொய்யன் மகன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒருநாள் கத்திப்பையை எடுத்துக்கொண்டு சேரிக்குப் போனேன். எங்கள் ஆட்கள் சேரியில் யாருக்கும் கத்தி வைத்ததில்லை. நான் வைப்பது என்று முடிவு செய்திருந்தேன். என்னால் கொடுக்க முடிந்தது அதுதான் என்று நினைத்தேன். அவன் வீட்டு முன்னால் கோழிக்கூண்டு முடைந்துகொண்டிருந்தான். எழுந்து நின்றான்.

“உக்காரு. மழிச்சுடறேன்” என்றேன்.

“எதுக்குங்க?” என்றான். “எங்களுக்கு மழிக்க எங்காளே இருக்கறானுங்க.”

நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அம்மா வாராங்க, போறாங்க. அவிங்களுக்கு நான் கும்புட்டுக்கறேன்” என்றான். “நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. கோயில்ல சொன்னதை அதே எடத்துல நின்னு இல்லைன்னு சொல்லிருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க.”

சரி என்றேன். அவனிடம் சரி என்றேன்.

அடுத்த மாரியம்மன் திருவிழா நோம்பிக்குச் சொல்லிவிடுவது என்று இருந்தேன். நோம்பியன்று எல்லோரும் இருந்தார்கள். அவனும் வேம்புக்கு அந்தப்பக்கம் பையனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். தீபாராதனை முடிந்ததும் நான் முன்னால் போனேன். ஊர்க்கவுண்டர் திரும்பி, “என்னடா?” என்றார். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

“துன்னூறு வாங்கலாமுன்னு வந்தேனுங்க” என்றேன்.

கொடுத்தார். பூசிக்கொண்டேன். அவன் பக்கம் திரும்பாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த ஐப்பசியில் அவன் குடும்பத்தோடு ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டான். பண்ணையத்தில் கேட்டதற்கு, பொய்யன் ஓடிப்போயிட்டான் என்றார்கள். போகும்முன் என் மனைவியிடம் வந்து சொல்லிக்கொண்டு போனானாம். நான் அப்போது ஒரு கல்யாணத்தில் வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்தேன்.

ஊர்க்கவுண்டர் இறந்துவிட்டார். அன்றைக்குக் கோயிலில் உட்கார்ந்திருந்தவர்களில் அனேகம் பேர் இல்லை. இப்போது அங்கே போய்ச் சொன்னால், என்ன சொல்கிறான் கிழவன் என்பார்கள். அதனால்தான் எழுதினேன். என் மனைவி சேரிக்குப் போனாள். அவன் சொன்னது நிஜம். நான் சொன்னது பொய்.

எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. கடைசிவரைக்கும் கேட்டாள்.

“அவன் பேரு எங்கீங்க?” என்றாள்.

“போடலை.”

“உங்க பேரு?”

“அதும் போடலை.”

“அப்புறம் ஆரு சொன்னது பொய்யின்னு படிக்கறவிங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

நான் தாளை மடித்தேன். அவள் எழுந்து கூடையை எடுத்துக்கொண்டு கிழக்கே போனாள்.