பாசலிலிருந்து டாவோஸ்: பதினாறு மாதம் பிந்திய துக்க விசாரிப்பு

டாவோஸுக்கு ஒருநாள் போய்வர நினைப்பவர்களுக்கு இது பயன்படும். நேரம், கட்டணம் எல்லாம் தந்திருக்கிறேன். ஆனால் நான் போனது பனி பார்க்க அல்ல. கடந்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை, துக்கம் விசாரிக்கப் போனேன். அதுவும் பதினாறு மாதம் பிந்தி.

சுவிஸுக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை டாவோஸில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவுவது. அங்கே உதவிச் சமையல்காரனாக இருந்தவன் நவோகி, யப்பான்காரன். இரண்டு பேருக்கும் அரைகுறை ஜேர்மன். அந்த மொழியில் சண்டை பிடித்துத்தான் இரண்டு பேரும் அதைப் பழகினோம். பிறகு நான் பாசலுக்கு வந்து ஒரு தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை எடுத்தேன். அவன் அங்கேயே தங்கிவிட்டான். கசுவே என்ற பெண்ணைக் கட்டினான். போனில் கதைப்பது குறைவு. வருடப்பிறப்புக்கு ஒரு அட்டை, ஜேர்மனில் நாலு வரி, அதுதான் எங்கள் வழக்கம்.

ஐம்பத்துநாலு வயதில் யப்பான் மொழி படிக்கப் போனேன். செவ்வாய்க்கிழமை மாலை ஆறரைக்கு வகுப்பு. கூடப் படிப்பவர்கள் எல்லாரும் படக்கதை வாசித்துப் பைத்தியமான இளசுகள். நான் போனது நவோகியை ஒருநாள் அசத்த வேண்டும் என்ற ஒரே ஆசையில்தான். ஆறாம் இலக்க ட்ராமில் சொல் அட்டைகளைப் புரட்டுவேன். குசினி அலுமாரிகளில் அரிசி, உப்பு, வெங்காயம் என்று யப்பான் எழுத்தில் ஒட்டி வைத்தேன்.

"யப்பான்காரன் வந்து எங்கட அலுமாரியைத் திறக்கப் போறானோ?" என்று கேட்டாள் மனைவி.

அத்தோடு நின்றிருக்கலாம். ஒரு வருடம் படித்த மிதப்பில், ஒரு ஜனவரியில் நவோகிக்குப் போன் எடுத்து, "இனி எனக்கு ஜேர்மனில் எழுதாதை, உன்ர மொழியிலேயே எழுது" என்றேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான்.

அந்த வருட டிசம்பரில் அட்டை வந்தது. சாம்பல் நிறத்தில் இரண்டு தாமரைப்பூ, கீழே நெருக்கமாக யப்பான் எழுத்து. எனக்கு அவன் பெயரும் இலக்கங்களும்தான் விளங்கின. வருடப்பிறப்பு வாழ்த்துத்தானே, வேறென்ன! குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினேன், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். பதிலுக்குச் சிவப்பும் தங்கமுமாக ஒரு அட்டை வாங்கி, யப்பான் மொழியில் வாழ்த்தெழுதி, "இந்த வருடம் கசுவேயையும் கூட்டிக்கொண்டு பாசலுக்கு வா" என்றும் சேர்த்தேன்.

போன ஒக்டோபரில் வகுப்பில் கடிதமுறைகள் நடத்தினார்கள். வீட்டில் சாவு நடந்தால், அந்த வருடம் வாழ்த்து அனுப்ப மாட்டோம் என்று யப்பான்காரர்கள் டிசம்பரில் ஒரு அட்டை போடுவார்களாம். அதைப் பெற்றவர்களும் வாழ்த்து அனுப்பக் கூடாது. ஆசிரியை மாதிரிக்கு ஒன்றைத் திரையில் காட்டினார். சாம்பல் நிறம். தாமரைப்பூ.

வீட்டுக்கு வந்து அகராதியோடு குந்தினேன். ஆறு வரி வாசிக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. யூலை மாதம். மனைவி கசுவே. வயது ஐம்பத்தாறு.

செத்தவீடு நடந்தால் ஒரு வருடத்துக்குப் பொங்கலும் இல்லை, தீபாவளியும் இல்லை என்பது எங்களுக்குத் தெரியாத முறையா? தெரிந்த நான்தான் செத்தவீட்டுக்குச் சிவப்பு அட்டை அனுப்பியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அன்றே போன் எடுத்திருக்க வேண்டும். நானோ பிழையை யப்பான் மொழியில் செய்தேன், மன்னிப்பும் அதிலேயே கேட்பேன் என்று இரண்டு கிழமை வசனம் பாடமாக்கினேன். மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"துக்கம் விசாரிக்க இலக்கணம் வேணுமோ? முதலில போங்கோ!"

நல்லதுக்குச் சொன்னால்தான் போவது, கெட்டதுக்குச் சொல்லாமல் போவது. அதனால் அறிவிக்காமலே போனேன். நவம்பரில் டாவோஸ் ஹோட்டல்கள் பூட்டிக் கிடக்கும், அவன் வீட்டில்தான் இருப்பான்.

பாசல் ரயில் நிலையத்தில் காலை 7.33க்கு ஏறினேன். சூரிச்சில் இறங்கத் தேவையில்லை. 9.41க்கு லாண்ட்குவார்ட்டில் இறங்கி, 9.47க்குப் புறப்படும் சிவப்பு ரயிலுக்கு மாற வேண்டும். ஆறு நிமிடம்தான், தேநீர் ஆசையை விட்டுவிடுங்கள். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர், ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். அரைக்கட்டண அட்டையோடு ஒருவழிக்கு முப்பத்தேழு பிராங்க். மலையெல்லாம் அழகுதான். நான் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்ததில் பாதியைப் பார்க்கவில்லை.

டாவோஸ் பிளாட்ஸிலிருந்து பஸ்ஸில் ஏழு நிமிடம். கதவைத் திறந்த நவோகியின் கையில் இஸ்திரிப் பெட்டி. நான் குனிந்து வணங்கி, பாடமாக்கியதைத் தட்டுத்தடுமாறாமல் ஒப்புவித்தேன். அவன் நிமிர்ந்து நின்றான், தானும் குனிந்தான், அதற்கென்று உள்ள பதில் வசனத்தைச் சொன்னான். அவ்வளவுதான். முப்பது வருடத்துக்கு முன் ஒருவன் எச்சில் கோப்பையை மற்றவன் கழுவிய நாங்கள், வங்கியில் கணக்குத் திறக்க வந்த இரண்டு பேரைப் போல வாசலில் நின்றோம்.

"உள்ள வா, சப்பாத்தைக் கழட்டு" என்று அவன் ஜேர்மனில் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நாங்கள் கதைத்ததை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

கசுவேயின் படத்துக்கு முன் ஊதுபத்திக் கிண்ணம். அதன் பக்கத்தில் என் சிவப்பு அட்டை.

"எறிஞ்சிருக்கலாமே" என்றேன்.

"அந்த வருஷம் எனக்கு வந்தது இது ஒண்டுதான். முறை தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் அனுப்பேல்லை."

"ஏன் எனக்குப் போன் எடுத்துச் சொல்லேல்லை?"

"அவவையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி எழுதியிருந்தாய். உனக்கு அவ உயிரோட இருந்தா. அது அப்பிடியே இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

அழுதேன். அவன் அழவில்லை, இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்றிச் சுற்றி வைத்தான். கசுவே ஐந்து மாதம் வருத்தமாகப் படுக்கையில் கிடந்தாளாம். அந்த ஐந்து மாதமும் நான் வெங்காயத்துக்கு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டே காலுக்கு அவன் தேநீர்க் கோப்பைகளைக் கழுவக் குசினிக்குப் போனான். நான் எழுந்தேன். செத்தவீட்டில் 'போயிட்டு வாறன்' சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. சிறுவயதிலிருந்து ஊறிய முறை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தேன். எதிரிலேயே பஸ் வந்தது, ஏறினேன். சாரதி தமிழ்ப் பொடியன்.

"அண்ணை, பின்னால ஒராள் ஓடி வாறார். உங்களைத்தானோ? நிப்பாட்டவோ?"

"இல்லைத் தம்பி, போங்கோ" என்றேன்.

திரும்பாமலேயே இருந்தேன். பஸ் வளைவில் திரும்பும்போது கண்ணாடியில் தெரிந்தது. நவோகி வீதியில் நின்றான். குளிர்ச்சட்டை இல்லை, காலில் வீட்டுச் செருப்பு. விருந்தாளி கண்ணுக்கு மறையும்வரை வாசலில் நின்று வழியனுப்புவது அவர்கள் முறை. எனக்கு அது தெரியும். முதலாம் வருடமே படிப்பித்தார்கள். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

லாண்ட்குவார்ட்டில் மாறும்போது அவனுக்குப் போன் எடுத்தேன், ஜேர்மன் மொழியிலேயே கதைக்க. நான் வாய் திறக்குமுன் அவனே சொன்னான்: "மன்னிச்சுக்கொள். கசுவே இருந்திருந்தா உன்னை ஸ்ரேசன் வரைக்கும் கொண்டுவந்து விட்டிருப்பா. நான் பஸ் மட்டும்கூட வரேல்லை."

எங்கள் முறையை அப்போது சொல்லியிருக்கலாம். பாசல் ரயிலுக்கு அறிவித்தல் கேட்டது. இல்லையில்லை என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

போகிறவர்களுக்கு: நவம்பரில் மலைமேல் போகும் கம்பிவண்டிகள் பெரும்பாலும் ஓடாது, சாப்பாட்டுக்கடைகளும் பூட்டு, கையில் ஏதாவது கொண்டுபோங்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் ரயில் நேரம் மாறும், பார்த்துவிட்டு ஏறுங்கள். அங்கே தெரிந்தவர் யாரும் இருந்தால் இன்றைக்கே போன் எடுங்கள், தெரிந்த மொழியில். புறப்படும்போது சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

நான் இன்னும் செவ்வாய்க்கிழமைகளில் வகுப்புக்குப் போகிறேன். இப்போது அட்டைகளை அகராதி இல்லாமலே வாசிப்பேன். கடந்த கிழமை நவோகியின் வருடப்பிறப்பு அட்டை வந்தது. நாலு வரி. ஜேர்மனில் எழுதியிருந்தான்.