பொய் பார்க்கும் திசை

"திரு. கு. மனோகரன், பி.காம்., அவர்கள் நரம்பு-மொழி நிரலாக்கத்தில் முதுநிலைத் தேர்ச்சி பெற்றவர். எதிரில் இருப்பவரின் கண்ணசைவைக் கொண்டே அவர் மனத்தை அறியும் ஆற்றல் உடையவர் என இதனால் சான்றளிக்கப்படுகிறது."

கண்ணாடிச் சட்டம் போட்ட இந்தச் சான்றிதழ், தஞ்சாவூருக்குக் கிழக்கே ஒரு நெல் ஆலையின் அலுவலகச் சுவரில் தொங்கியது. அந்த ஆற்றல் உடையவருக்கோ, வீட்டில் மனைவி காபி டம்ளரை டங்கென்று வைத்தால் அது கோபமா, கை வழுக்கியதா என்று சாயங்காலம் வரை பிடிபடாது. திருச்சி ஓட்டல் ஒன்றில் நான்கு நாள் பயிற்சி, மதியம் சாப்பாடு, கடைசி நாள் போட்டோ. வந்த ஐம்பது பேரும் தேறிவிட்டார்கள்.

மனோகரனின் அம்மா ஊரார் வயலில் நாற்று நட்டவர். அந்தக் குடும்பத்தில் ஆபீஸ் சுழல்நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் இவர்தான். ஆலையில் ஆட்களைச் சேர்ப்பது, லீவு கொடுப்பது, சண்டை தீர்ப்பது எல்லாம் இவர் பொறுப்பு. யாரையும் 'வா, போ' என்று பேசமாட்டார். நல்ல மனிதர் என்றுதான் ஆலை முழுக்கப் பேச்சு. நல்ல மனிதர் சொன்னால் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. வினை அங்கேதான் இருந்தது.

போன வருஷம் ஐப்பசியில், நெல்லின் ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் காணாமல் போனது. உள்ளங்கை அளவுக் கருவி. அன்று காலை எடை அறைக்குள் போய்வந்தவர்கள் ஏழு பேர். குடோனில் மூட்டை தூக்கும் ஆண்கள் ஆறு பேர், களத்தில் நெல் காயவைக்கும் சௌந்தரநாயகி ஒருவர்.

"போலீசு கீலீசு எதுக்கு மனோ? உங்க படிப்பைக் காட்டுங்க" என்றார் முதலாளி புகழேந்தி.

படிப்பு சொன்னது இதுதான்: நடந்ததை நினைத்துப் பார்க்கிறவன் கண் இடப்பக்கம் மேலே போகும், இல்லாததைக் கட்டுகிறவன் கண் வலப்பக்கம் மேலே போகும். மனோகரன் ஒவ்வொருவராக அழைத்து எதிர் நாற்காலியில் உட்காரவைத்தார். மூட்டைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள், மேசையைப் பார்த்தார்கள், ஒருவர் இவர் சட்டைப் பொத்தானையே பார்த்தார். கடைசியாகச் சௌந்தரநாயகி.

"மீட்டரை நீங்க எடுத்தீங்களா சௌந்தரம்?"

கண் வலப்பக்கம் மேலே போனது. "இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

மறுபடியும் வலப்பக்கம் மேலே. "யோசிக்க என்ன சார் இருக்கு? சீக்கிரம் கேளுங்க, வேலை கெடக்கு."

'பதற்றம். தப்பிக்கப் பார்க்கிறார்' என்று நோட்டில் எழுதிக்கொண்டார் மனோகரன். மதியம் எல்லோரும் பார்க்க, இப்போதே கிளம்பலாம், இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு பெருமைகூட இருந்தது. அதை நினைத்துத்தான் பின்னாளில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அரை மணி நேரத்தில் மழை கொட்டியது. களத்தில் பரப்பியிருந்த அவித்த நெல் முழுக்க நனைந்தது. வானத்தைப் பார்த்து முதலில் குரல் கொடுத்துப் படுதா இழுக்கச் சொல்கிறவர், அந்நேரம் தூக்குவாளியோடு பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். சேதக் குறிப்பில் மனோகரன் 'இயற்கைச் சீற்றம்' என்று எழுதினார்.

மீட்டர் கிடைக்கவேயில்லை. பக்கத்து ஆலைகள் சௌந்தரநாயகியைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஊரில் அவர் 'மீட்டரக்கா' ஆனார். டீக்கடையில் அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்து மனோகரன் பைக்கை வேறு தெரு வழியாக ஓட்டினார். ஏன் என்று கேட்டிருந்தால், ரோடு சரியில்லை என்றிருப்பார்.

இந்த வருஷம் புரட்டாசிக் கடைசியில் தஹ்மீனா வந்தார். அதிராம்பட்டினத்துப் பெண், தஞ்சாவூரில் உளவியல் ஆய்வு மாணவி. என்.எல்.பி. என்கிற அந்த நரம்பு-மொழிப் படிப்பு சொல்வது நிஜந்தானா என்று சோதிப்பது அவர் வேலை. அதற்குச் சான்றிதழ் வாங்கிய ஆட்கள் வேண்டும். தன்னைத் தேடி ஒரு பல்கலைக்கழக ஆய்வே வந்துவிட்டதில் மனோகரன் பக்கோடா வரவழைத்தார்.

மடிக்கணினியில் நாற்பது துண்டுப் படங்கள், ஒலி கிடையாது. பேசுகிறவர்களில் பாதிப்பேர் மெய், பாதிப்பேர் பொய். மனோகரன் தயங்காமல் குறித்துக்கொண்டே போனார்.

"பத்தொன்பது சரி சார்."

"நல்ல மார்க்காம்மா?"

"காசு சுண்டிப் போட்டாலே இருபது வரும் சார்." அவர் சிரிக்காமல் சொன்னது மனோகரனுக்குச் சங்கடமாக இருந்தது. "வெளிநாட்டுல இதை நிறைய தடவை சோதிச்சுட்டாங்க. கண்ணு போற பக்கத்துக்கும் பொய்க்கும் சம்பந்தம் கெடைக்கல."

"அவங்க கண்ணு நீலம்மா. நம்ம கண்ணு வேற" என்றார் மனோகரன். தஹ்மீனா அதையும் எழுதிக்கொண்டார். மனோகரன் விடவில்லை. "படத்துல என்ன தெரியும்? இதே நாற்காலியில நம்ம ஆளுங்களை உக்காரவச்சுப் பாருங்க, புரியும்."

அப்படியே ஆயிற்று. அடுத்த வாரம், களத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர், குடோன் ஆண்கள் பன்னிரண்டு பேர். பக்கத்து அறையில் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை. இரண்டு கூட்டத்திலும் பாதிப்பேர் ஒன்றை எடுத்து மறைத்துக்கொள்ள வேண்டும், மீதிப்பேர் தொடக்கூடாது. கேட்டால் எல்லோருமே 'எடுக்கல' என்று சொல்லவேண்டும். ஒருத்தி, "எடுக்காமயே எடுக்கலன்னு சொல்றதுதான் கஷ்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று ஐப்பசி வானம் மூட்டமாக இருந்தது. களம் நிறைய அவித்த நெல்.

குடோன் ஆண்கள் கண் போன இடத்துக்குக் கணக்கில்லை. களத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரும், கொட்டை எடுத்தவரும் எடுக்காதவரும், வலப்பக்கம் மேலேயே பார்த்தார்கள்.

மறுநாள் தஹ்மீனா நாற்காலிகளை இடம் மாற்றிப் போட்டார். அதே பெண்கள், அதே கேள்வி. பன்னிரண்டு பேரும் இடப்பக்கம் மேலே பார்த்தார்கள்.

"ஒரே ராத்திரியில எல்லாரும் யோக்கியமாயிட்டாங்க சார்" என்றார் தஹ்மீனா.

அவர் கை காட்டிய பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே களம், அதற்கு மேலே மழை ஏறிவரும் கிழக்கு வானம். நெல்லைப் பரப்பிவிட்டு வந்தவள் வேறு எங்கே பார்ப்பாள்? நாற்று நட்ட அம்மாவும் அப்படித்தான் பார்ப்பார். அது மனோகரனுக்குத் தெரியாத விஷயமே இல்லை. தெரிந்ததை மறக்கத்தான் திருச்சிக்குப் போய்ப் படித்திருந்தார்.

"போன வருஷம் ஒருத்தரை இதே மாதிரி பாத்து அனுப்பினேன்" என்றார், காகிதங்களை அடுக்கிக்கொண்டே.

தஹ்மீனா பேனாவை மூடினார். "அவங்கதான் எடுத்தாங்களா சார்?"

பதில் சொல்லுமுன் மனோகரனின் கண் ஜன்னலுக்குப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்துப் போனார். தாளடி நடவுக்கு நாற்று பறித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் சௌந்தரநாயகி. மனோகரன் செருப்பைக் கையில் பிடித்தபடி வரப்பில் நின்றார்.

"என்ன சார், இங்கயும் ஏதாச்சும் காணாமப் போச்சா?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் குனிந்தபடியே சிரித்தார்கள்.

"சௌந்தரம், ஒரு தப்பு நடந்துபோச்சு."

"தானா நடந்துச்சா சார்? நீங்க நடத்துனதுதான?"

"நான் பண்ணுனதுதான். நீங்க வேலைக்கு வந்துருங்க, முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்."

"வேலைக்கு வரல." கையிலிருந்த நாற்றுமுடியைக் காலில் தட்டிச் சேறு உதறினார். "எல்லார் முன்னாடியும்தான போகச் சொன்னீங்க. எல்லார் முன்னாடியும் நான் எடுக்கலன்னு சொல்லுங்க."

சரி என்று வாயைத் திறந்தவர் நின்றுவிட்டார். சோதனை வந்து ஒரு பாழாய்ப்போன நேர்மையைக் கற்றுக்கொடுத்திருந்தது. எடுத்தார் என்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை. எடுக்கவில்லை என்பதற்கும் எதுவும் இல்லை.

சௌந்தரநாயகி அவர் முகத்தையே பார்த்தார். "தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப அதைச் சொல்லுங்க சார். அதுக்கே ஒரு வருஷமாச்சு உங்களுக்கு."

முதலாளி சம்மதிக்கவில்லை. "ஆபீஸ் பேரு என்னத்துக்காவறது? மறுபரிசீலனைன்னு ஒரு நோட்டீஸ் ஒட்டிட்டு விடுங்க மனோ." மனோகரன் மூன்று முறை எழுதிப் பார்த்தார். 'நடவடிக்கை எடுக்கப்பட்டது', 'ஐயம் எழுந்தது', 'வருத்தம் தெரிவிக்கப்படுகிறது'. எந்த நோட்டீசிலும் ஆளே இல்லை. மூன்றையும் கிழித்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி டீக்குக் களத்து ஆட்களும் குடோன் ஆட்களும் கூடியிருந்தபோது, சௌந்தரநாயகி ஆலை வாசலை ஒட்டி நின்று கேட்க, மீட்டரை யார் எடுத்தது என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது, தெரியாமலேதான் இவரைத் திருடி என்று அனுப்பினேன் என்று மனோகரன் சொன்னார்.