குளத்தில் போட்ட மாத்திரைகள்

என் மனைவி பச்சையம்மாள் இருமித் துடைத்த துணியில் முதன்முதலாக ரத்தம் தெரிந்தது 1968ஆம் வருஷம் மார்கழி மாதம். அறுவடைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அவள் அந்தத் துணியை எனக்குத் தெரியாமல் வைக்கோல் போருக்குப் பின்னால் புதைக்கப் போனாள். நான் பார்த்துவிட்டேன்.

ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் சின்ன கிராமம் எங்களுடையது. கொஞ்சம் நெல் நிலம் உண்டு. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் இதைப் படிக்கிற பக்தர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். என் தப்பையும் மறைக்கப் போவதில்லை.

திருவள்ளூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, காச நோய் என்றார்கள். மாசா மாசம் வந்து மாத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும், ஒன்றரை வருஷம் ஒருநாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். என் மனசு அங்கே இல்லை. வெளியே வந்ததும் நேராக வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் போய், மூன்று அமாவாசை வருகிறேன், இவளைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டேன். எங்கள் நான்கு வயது மகளை என் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டோம். அம்மா பக்கத்தில் அவளைப் படுக்க வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்று பேர். நோய்க்காரர்கள் அமாவாசையன்று கோயில் குளத்தில் வெல்லத்தைப் போடுவார்கள். உப்பும் மிளகும் போடுவார்கள். அது தண்ணீரில் கரைகிற மாதிரி நம் நோய் கரையும் என்பது நம்பிக்கை. தை அமாவாசைக்கும் மாசி அமாவாசைக்கும் போனோம். பங்குனிக்குள் அவளுக்கு இருமல் நின்றுவிட்டது. கன்னத்தில் சதை வந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பங்குனி அமாவாசையன்றுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். வெல்லம் போட்டோம், உப்பு மிளகு போட்டோம். மடியில் அந்த மாசத்து மாத்திரைப் பொட்டலம் இருந்தது. அதையும் பிரித்தேன். பச்சையம்மாள் என் கையைப் பிடித்தாள்.

"அது இன்னாத்துக்கு? ஊட்ல ஒரு மூலைல கிடக்கட்டுமே."

"நோவே கரஞ்சி போச்சி. இன்னும் மாத்திரைய வெச்சிக்கினு இருந்தா பெருமாள நம்பலன்னு ஆவும்," என்றேன்.

அவள் கையை எடுத்துவிட்டாள். மாத்திரைகள் வெள்ளை வெள்ளையாகப் படியில் விழுந்து, பிறகு தண்ணீரில் இறங்கின. அதைப் பார்த்து நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதன்பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

ஆடி மாசம் நாற்று நடும்போது இருமல் திரும்பி வந்தது. இந்தத் தடவை துணியில் அல்ல, சேற்றிலேயே ரத்தம் விழுந்தது. பத்து நாளில் அவள் எழுந்து உட்கார முடியாமல் போனாள். ஆஸ்பத்திரிக்குப் போக எனக்கு முகம் இல்லை. மாத்திரை எங்கே என்று கேட்டால் என்ன சொல்வேன்? விதி முடிந்தது என்று சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். ஒருநாள் அவள் என்னைக் கூப்பிட்டு, மகளுக்குத் தலை வாரும்போது தங்கையை நடு வகிடு எடுக்கச் சொல், கோண வகிடு அவளுக்கு எடுப்பாக இல்லை என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

ஆவணி அமாவாசைக்குத் தனியாகத் திருவள்ளூருக்கு பஸ் ஏறினேன். சன்னதியில் பெருமாள் படுத்திருக்கிறார். வலது கை சாலிஹோத்திர முனிவர் தலைமேல் இருக்கிறது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. "தப்பு என்னுது சாமி. என் தப்புக்கு அவளை எடுத்துக்காதே." இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். தீர்த்தம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

குளக்கரையில் வெல்லம் விற்கிற கன்னியம்மாவிடம் எப்போதும்போல வெல்லம் வாங்கினேன். நாற்பது வயது இருக்கும், வெற்றிலை போட்ட வாய். படியில் உட்கார்ந்தேன். வெல்லத்தைத் தண்ணீரில் போட எனக்குக் கை வரவில்லை. எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. தலைக்குமேல் அவள் குரல் கேட்டது.

"இன்னா நைனா, வெல்லம் உன் கையிலயே கரஞ்சினு கீது. எறும்புக்கா வாங்கின?"

கையைப் பார்த்தேன். வெயிலில் உருகி முழங்கை வரை பாகு வழிந்திருந்தது. அப்போது உடைந்துவிட்டேன். பெற்ற தாயிடம்கூடச் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொன்னேன். மாத்திரையைக் குளத்தில் போட்டதையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

"இந்தப் பெருமாளுக்குப் பேரே வைத்தியரு. வைத்தியரு குடுத்த மருந்த வைத்தியரு வாசல்லயே கொட்டிட்டு, நோவு போவலன்னு அழுவறியே. எழுந்திரு. மூஞ்சக் கழுவு. ஆஸ்பத்திரி இன்னும் தொறந்துதான் கீது."

எழுந்தேன். குளத்திலேயே முகம் கழுவிக்கொண்டு போனேன். டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் புது அட்டை ஒன்றை எடுத்து எழுதினார். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இந்தத் தடவை தினம் ஊசியும் போட வேண்டும், படுக்கை காலி இல்லாததால் பக்கத்தில் எங்காவது தங்கவைத்து அழைத்து வா என்றார்.

கிராமத்திலிருந்து தினம் பஸ்ஸில் கொண்டுவந்தால் வழியிலேயே போய்விடுவாள். திருவள்ளூரில் வீடு தேடினேன். மூன்று தெரு நடந்தேன். எத்தனை பேர், என்ன ஜாதி, சமையல் எப்படி என்று கேட்டவர்கள், நோயின் பேரைச் சொன்னதும் கதவைச் சாத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. காக்களூர் ஏரிக்கரை வரைக்கும் போய்ப் பார்த்தேன். இடம் இல்லை.

பொழுது சாயக் குளக்கரைக்குத் திரும்பி வந்தேன். கன்னியம்மா கூடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி சேர்த்துக்கொண்டது, ஊர்தான் சேர்த்துக்கொள்ளவில்லை அக்கா என்றேன். அவள் இடுப்பில் இருந்த சாவியை எடுத்து என் முன்னால் நீட்டினாள். அவள் வீட்டை ஒட்டிக் கூரைச் சாய்ப்பு ஒன்று இருந்தது. வெல்ல மூட்டை வைக்கிற இடம்.

நான் வாங்கவில்லை. உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளுமே என்றேன்.

"எம் புருசனுக்கும் இதே நோவுதான். எடம் குடுப்பாரில்லாம ஆஸ்பத்திரி வாசல்லயே கிடந்து போனாரு. அதுக்கப்புறம்தான் இந்தச் சாய்ப்பப் போட்டேன். பெருமாளே படுக்க எடம் கேட்டு நின்ன ஊருப்பா இது. கேட்டவங்கள இல்லன்னு அனுப்சா எப்டி? தட்டு தனியா வெச்சிக்க, ஜன்னல் தொறந்திருக்கட்டும். புடி."

அந்தக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெருமாள் கிழவராக வந்து முனிவர் வைத்திருந்த மாவையெல்லாம் சாப்பிட்டுவிட்டு, படுக்க இடம் எங்கே என்று கேட்டார். முனிவர் தன் குடிலைக் காட்டினார். அங்கேயே படுத்துவிட்டார். நானும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்குப் புரிந்தது. காலையில் நான் சன்னதியில் அழுதேன். சாயங்காலம் என் கையில் சாவி இருந்தது. இதற்குமேல் பதில் என்ன வேண்டும்?

மறுநாள் மாட்டு வண்டியில் பச்சையம்மாளைக் கொண்டுவந்தேன். வெல்ல வாசனை அடிக்கிற அந்தச் சாய்ப்பில் ஒன்றரை வருஷம் இருந்தாள். நான் வயலுக்கும் அவளுக்குமாக அலைந்தேன். நான் இல்லாத நாளில் கன்னியம்மா கைப்பிடித்து ஊசிக்கு அழைத்துப் போனாள். தினம் காலையில் பச்சையம்மாள் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "வைத்தியரே, உங்க மருந்து" என்று சொல்லித்தான் மாத்திரையை விழுங்குவாள். ஒருநாள் தவறியதில்லை.

நடக்கத் தெம்பு வந்தபிறகு கோயில்களுக்குப் போனோம். திருப்பாச்சூரில் மூங்கில் புதரில் கிடைத்த சிவலிங்கம். வெட்டுப்பட்ட தழும்பு இன்றும் அதில் உண்டு. அதைப் பார்த்ததும் பச்சையம்மாள் தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ரயில் ஏறித் திருவாலங்காட்டுக்குப் போய், காலைத் தூக்கி ஆடுகிற கூத்தபிரானைச் சேவித்தோம். 1971 மாசியில் மறுபடி படம் எடுத்து, நோய் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் ஊத்துக்கோட்டை ஆற்றைத் தாண்டிச் சுருட்டப்பள்ளிக்குப் போனோம். அங்கே சிவபெருமான், விஷம் குடித்த களைப்பில் அம்மன் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறார். திருவள்ளூரிலும் படுத்திருக்கிற சாமி, இங்கும் படுத்திருக்கிற சாமி. நடுவில் எங்கள் கிராமம்.

தங்கை வீட்டிலிருந்து மகளை அழைத்து வந்தோம். முதலில் அம்மாவிடம் போகக் கூச்சப்பட்டு என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். பச்சையம்மாள் சீப்பை எடுத்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை தானாகவே போய் அவள் முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்தது. நடு வகிடு எடுத்தாள்.

இது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. இப்போதும் அமாவாசைக்குத் திருவள்ளூர் போகிறோம். கன்னியம்மா கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இருமிக்கொண்டு வருகிறவர்களிடம் பச்சையம்மாள் தன் கதையைச் சொல்வாள். பக்தர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். பெருமாளை நம்புங்கள். அவர் டாக்டர் கையாலும் கொடுப்பார், வெல்லம் விற்கிறவள் கையாலும் கொடுப்பார். வெல்லத்தைக் குளத்தில் போடுங்கள். மாத்திரையை வாயில் போடுங்கள்.

சுருட்டப்பள்ளிக்கு வருகிறவர்கள் பொழுது போய்விட்டால் எங்கள் கிராமத்தில் இறங்கிக் கேளுங்கள். வீட்டை ஒட்டி நானும் ஒரு சாய்ப்பு போட்டிருக்கிறேன். என்ன நோய் என்று கேட்க மாட்டோம். ஒரு பாய் விரித்திருக்கும்.