சயாம் சுருதி

பித்தளையை அரத்தால் ராவும்போது ஒரு வாசனை வரும். பழைய செப்புக்காசை வாயில் போட்டுக்கொண்டால் நாக்கில் ஏறுமே ஒரு துவர்ப்பு, அது அப்படியே மூக்கில் ஏறும், கூடவே பல்லெல்லாம் கூசும். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கோடை முழுக்க அகரம் கிராமத்து எங்கள் வீட்டில் அந்த வாசனைதான். தாழ்வாரத்தில் கூடை கூடையாய்க் கிடந்த மல்லிகை மொட்டின் மணம்கூட அதற்கு முன்னால் நிற்கவில்லை. "வெஞ்சனத்துலயும் பித்தளைத் தூளு" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே குழம்புச் சட்டியை மூடி வைப்பாள். ராவிக்கொண்டிருந்தவர் என் சித்தப்பா. அவர் ராவியது ஓர் ஆர்மோனியப் பெட்டியின் நாக்குகளை, காற்றுப் பட்டால் அதிர்ந்து சுரம் எழுப்பும் சிறு பித்தளைத் தகடுகளை.

சித்தப்பாவுக்கு நாகல் நகரில் ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை. சைக்கிளில் போய்ச் சாவி ராவிவிட்டு வரும் மனிதர் வீட்டிலும் அரத்தை எடுப்பார் என்று யார் கண்டது? தாடிக்கொம்புத் திருவிழாவுக்கு நாடகம் போட வந்த ஒரு கம்பெனி கலைந்துபோனபோது அவர்கள் விட்டுப்போன கிழட்டுப் பெட்டியை யாரிடமிருந்தோ வாங்கி, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். எங்கள் வம்சத்துக்கும் சங்கீதத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. எனக்கு அந்தப் பெட்டியைக் கண்ட நாள் முதலாய் ஆகவில்லை, அதை வைக்க என் படுக்கை மூலையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பதும் ஒரு காரணம்.

பெட்டி வந்த காரணத்தைச் சொல்லவேண்டுமானால் பெரியம்மாவைச் சொல்லவேண்டும். யுத்தத்துக்கு முன்னால் பெரியப்பாவும் சித்தப்பாவும் மலாயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குக் கப்பலேறினார்கள். பெரியப்பாவுக்கு அப்போது கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. பிறகு ஜப்பான்காரன் வந்தான், தோட்டத்து ஆட்களை லாரியில் அள்ளிக்கொண்டு போய்ச் சயாம் காட்டில் ரயில் பாதை போட விட்டான் என்பதெல்லாம் இங்கே காற்றுவாக்கில் வந்த சேதி. யுத்தம் முடிந்து சித்தப்பா மட்டும், எலும்பும் தோலுமாக, வாசலில் வந்து நின்றார். பெரியம்மா அவருக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்து, அவர் அண்ணன் எங்கே என்று கேட்டாளாம். "வருவாக" என்றாராம் சித்தப்பா. அந்த ஒரு சொல்தான். அதற்குமேல் எப்போது யார் கேட்டாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா தாலியும் குங்குமமும் தலை நிறையப் பூவுமாக எங்கள் வீட்டில் இருந்தாள். நான் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், விவரம் தெரிகிற வயதாகியும் பெரியப்பா வரவில்லை. அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தபோது வினை பிடித்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆள்விட்டுக் கேட்டார்கள்: அந்தம்மாவுக்குப் புருசன் இருக்கிறாரா, இல்லையா? இருக்கிறார் என்றால் காட்டுங்கள். இல்லையென்றால் ஊர் வழக்கப்படி வைக்கோலில் ஆள் கட்டி எரித்து, கருமாதி செய்து, தாலியை வாங்கிவிடுங்கள். இரண்டுங்கெட்டானாக ஒருத்தி பூவோடு மணவறைப் பக்கம் வரக்கூடாது. அப்பாவுக்கு மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்ற கதை. பெரியம்மாவோ அசையவில்லை. "கண்ணால பாத்தவுக சொல்லட்டும், களட்டுறேன். வைக்கப்பிரிய எரிச்சுப்புட்டு எம் புருசன்னு சொல்லாதீக" என்றாள். எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். பெட்டி வந்தது அதற்கடுத்த வாரத்தில்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சித்தப்பா ஊர் திரும்பிய நாளிலிருந்து தூக்கத்தில் ஒரு மெட்டை முனகுவார். வார்த்தை கிடையாது, வெறும் மெட்டு. கேட்டுக் கேட்டு அது எங்கள் எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது. பெரியம்மா அதை, தன் புருசன் இருக்கிற ஊரின் பாட்டு என்று எடுத்துக்கொண்டாள். பூக்கட்டும்போதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் அதைத்தான் பாடுவாள், அதுவும் எவ்வளவு சந்தோஷமாக! பூ வாங்க வந்த ஒரு நாயனக்காரர் கேட்டுவிட்டு, "சுத்த மோகனம், மங்களமா இருக்கு தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மா பாடத் தொடங்கினால் சித்தப்பா சாப்பிடுகிற சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அண்ணனை நினைத்துக்கொள்கிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

இனிப் பெட்டிக்கு வருகிறேன். ஆர்மோனியத்தில் ஒரு சட்ஜத்துக்கும் அடுத்த சட்ஜத்துக்கும் இடையே பன்னிரண்டு சமமான படிகள் இருக்கும். எந்தப் பாட்டானாலும் அவற்றில் ஏறி இறங்கித்தான் போகவேண்டும். சித்தப்பா கறுப்புக் கட்டைகளின் அடியில் துணியைத் திணித்து அவற்றை ஊமையாக்கினார். ஸ்தாயிக்கு ஏழாக மிச்சமிருந்த வெள்ளைக் கட்டைகளின் நாக்குகளைக் கழற்றி, நுனியில் ராவினால் சுரம் ஏறும், அடியில் ராவினால் இறங்கும் என்று கண்டுபிடித்து, ஏழையும் ஏழு சமப் படிகளாக ஆக்கப் பார்த்தார். சரிபார்க்க அவர் வைத்துக்கொண்ட வழி இதுதான்: அந்த மெட்டை முதல் கட்டையில் தொடங்கி வாசிப்பார், பிறகு அதையே இரண்டாவதில் தொடங்கி, பிறகு மூன்றாவதில். நம் சங்கீதத்தில் அப்படிச் செய்தால் ராகமே மாறிவிடும். அவருக்கு மாறக்கூடாது, எந்தப் படியில் தொடங்கினாலும் அதே பாட்டு, உயரம் மட்டும் வேறாக, வரவேண்டும். எங்கே தவறுகிறதோ அந்த நாக்கைக் கழற்றி மறுபடி ராவுவார். இப்படி ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கோணும்.

பட்டறை விடுமுறை நாட்களில், உச்சிப் பொழுதில், தெருவே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும்போது அந்தச் சத்தம் எழும். அதை எப்படிச் சொல்வது? அபசுரம் என்றால் காதைப் பொத்திக்கொள்ளலாம். இது அபசுரமும் இல்லை. தெரிந்த மெட்டுத்தான், ஆனால் ஒவ்வொரு சுரமும் அதன் இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது. காந்தாரம் சிரிக்கிற காந்தாரமும் இல்லை, அழுகிற காந்தாரமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றது. பஞ்சமம் தோளைத் தொங்கவிட்டிருந்தது. பரணில் கவிழ்த்திருந்த பித்தளைப் பானைகள் சாதாரணப் பாட்டுக்கு வாய் திறக்காதவை, அதற்கு "ம்ம்ம்" என்று பதில் சொல்லத் தொடங்கின. எந்தப் படியில் தொடங்கினாலும் ஒன்றுபோலவே இருந்ததால் எது சட்ஜம், எங்கே வந்து முடியவேண்டும் என்று காதுக்குப் பிடிபடவே இல்லை. வீட்டுக்குத் திரும்பும் பாதையே இல்லாத ஒரு வெளியில் யாரோ நடந்துகொண்டிருப்பதுபோல இருக்கும். கேட்டபிறகு பொழுது சாயும்வரை யாருக்கும் எந்தப் பாட்டும் வாயில் சரியாக வராது.

எதிர்வீட்டு அத்தை வேப்பிலைக் கொத்தைக் கொண்டுவந்து எங்கள் நிலையில் செருகினாள். பெட்டிக்குள் நாடகக்காரன் எவனோ செத்துக் குடியிருக்கிறான் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. என்னைக் கேட்டால் பேய் தேவலை, வேப்பிலைக்காவது பயப்படும். அப்பா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் பெட்டியைக் கிணற்றில் போடச் சொன்னார். சித்தப்பா தலையைக்கூட நிமிர்த்தாமல் இன்னும் ஒரு நாக்குத்தான் பாக்கி என்றார்.

பின்னாளில் ஆசிரியையாகிப் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கியபோது எனக்கு விளங்கியது, பித்துப் பிடித்தவர் செய்த காரியம் அல்ல அது என்று. நாமும் வெள்ளைக்காரனும் ஒரு ஸ்தாயிக்குள் பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டு உலகமே அவ்வளவுதான் என்று இருக்கிறோம். அரபு நாட்டில் அதை இருபத்துநான்காகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜாவாவில் ஏறக்குறைய சமமான ஐந்தாக வைத்து வெண்கல வாத்தியங்களைச் செய்கிறார்கள். சயாமில் ஏழு, அதுவும் அநேகமாய்ச் சமமான ஏழு. அவர்கள் காதுக்கு அது நிறைந்த சங்கீதம். நம் குரல் அந்தப் படிகளில் கால் வைத்தால் தானாகவே பழகிய படிக்கு நழுவிவிடும், அப்படி நழுவியதே நமக்குத் தெரியாது. சித்தப்பாவின் முனகல் எங்கள் வீட்டில் மோகனமானது இந்த நழுவலில்தான்.

ஆனி மாதத்து ஓர் உச்சிப் பொழுது. கடைசி நாக்கைப் பொருத்திவிட்டுச் சித்தப்பா மெட்டை ஏழு படிகளிலும் தொடங்கி வாசித்தார். ஏழும் ஒன்றாகவே இருந்தன. பெரியம்மா நடுக்கூடத்தில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் மொட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பழக்கதோஷத்தில் அவளும் கூடவே பாடத் தொடங்கினாள். குரலும் பெட்டியும் உரசின. இரண்டுக்கும் நடுவே "வோவ், வோவ்" என்று ஒரு துடிப்பு எழுந்து வீட்டுச் சுவரெல்லாம் அதிர்ந்தது, கூடத்தில் இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் முனகுவதாகவே எனக்குப் பட்டது, ஓடிப்போய்த் தூணைக் கட்டிக்கொண்டேன். பெரியம்மா நிறுத்தவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்திக்கொண்டே போனாள். துடிப்பு மெதுவாகி, இன்னும் மெதுவாகி, அடியோடு நின்றது. அவள் குரல் பெட்டிக்குள் போய்விட்டது. மெட்டின் கடைசிவரை அப்படியே பாடினாள். அந்தப் பாட்டில் சந்தோஷம் என்று ஒரு துளி இல்லை.

பூச்சரத்தைக் கீழே வைத்தாள்.

"தம்பி, இது எதுக்கு வாசிக்கிறது?"

சித்தப்பா பெட்டியின் துருத்தியை மூடினார். "சாவுக்கு, மதினி."

"ஆரு சாவுக்கு வாசிச்சாக?"

அவர் துருத்தியின் கொக்கியைத் தேடி மாட்டினார். பெரியம்மா கேள்வியை மாற்றிக் கேட்டாள். "கொள்ளி வச்சது ஆரு?"

"நான்தேன்" என்றார் சித்தப்பா. "நான்தேன் வச்சேன் மதினி. வருவாகன்னு சொன்ன வாயால அதை எப்படிச் சொல்ல? நீங்க அந்தப் பாட்டத் தினமும் பாடப் பாட எனக்கு உசுரே போச்சு."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார், அழுதுகொண்டே. காய்ச்சலில் கிடந்த அண்ணனை முகாமில் விட்டால் பிணக் குவியலோடு எரித்துவிடுவார்கள் என்று முதுகில் சுமந்துகொண்டு ஆற்றோரத்து ஊர் ஒன்றுக்கு ஓடியிருக்கிறார். அங்கே உயிர் பிரிந்தது. பாஷை தெரியாத அந்த ஊர்க்காரர்கள், பெயர் தெரியாத பரதேசிக்கு விறகு அடுக்கி, பிக்குகளைக் கூட்டிவந்து, மரக்கட்டைகளை வரிசையாகக் கோத்துக் கட்டிய வாத்தியத்தில் அந்த மெட்டை வாசித்தார்களாம். அநாதையாய்ப் போகவில்லை, மேளத்தோடுதான் போனார் என்று அவளுக்குச் சொல்லவேண்டும் என்பதே அவர் ஆசை. வாயால் பாடிக் காட்டினால் கல்யாணப் பாட்டாக வருகிறது; அதற்குத்தான் இந்தப் பெட்டி.

சத்தம் கேட்டு அப்பாவும் அம்மாவும் பெண்டுகளும் கூடிவிட்டார்கள். தாலி அறுக்கும் சடங்கென்று யாரோ ஒருத்தி பக்கத்தில் வந்தபோது பெரியம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள். "எவளும் வந்து அறுக்க வேணாம்" என்று தானே பூவை எடுத்தாள், தானே தாலியைக் கழற்றிச் சித்தப்பாவின் கையில் கொடுத்தாள். வைக்கோல் ஆள் கட்டப்படவில்லை. ஆவணியில் அக்கா கல்யாணம் நடந்தது. அவளை வளர்த்த பெரியம்மா அடுப்படிக்குள் இருந்துகொண்டு கொட்டுமேளத்தைக் கேட்டாள். அந்த வழக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது.

அக்காவுக்கு முதல் குழந்தை பிறந்து தொட்டிலில் போட்டபோது பெரியம்மா மறுபடி அந்த மெட்டை எடுத்தாள், பழைய மோகனமாகவே. சித்தப்பா பதறிப்போய், அந்தப் பாட்டா மதினி என்றார். "அது அவுகளுக்கு வாசிச்சது. இது நான் பாடுனது. பிள்ளைக்கு என்ன தெரியும், தூங்கட்டும்" என்றாள்.

இப்போது பெரியம்மா இல்லை, சித்தப்பா இல்லை, அக்காவும் இல்லை. ராவி ராவி மெலிந்த நாக்குகள் ஒவ்வொன்றாய் ஒடிந்து பெட்டியும் விறகாய்ப் போனது. சயாம் இசைத் தட்டுகளைத் தேடிக் கேட்டுப் பார்த்தேன். அங்கேயும் ஊருக்கு ஊர் சுருதி கொஞ்சம் வித்தியாசப்படுமாம், அந்த ஆற்றோரத்து ஊரின் சுருதி எதிலும் அகப்படவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் பிறந்த அத்தனை பிள்ளைகளும் பெரியப்பாவின் சாவு மேளத்தைக் கேட்டுத்தான் தூங்கியிருக்கிறார்கள். அது இன்னதென்று அறிந்தவள் இன்று நான் ஒருத்திதான். போன மாதம் அக்காவின் பேத்தி சென்னையில் தன் கைக்குழந்தையை மடியில் போட்டுத் தட்டியபடி அதைப் பாடிக்கொண்டிருந்தாள். பாதியில் நிமிர்ந்து, "சின்னப் பாட்டி, இது என்ன ராகம்?" என்று கேட்டாள்.

மோகனம் என்றேன். அவள் தொடர்ந்து பாடினாள்.