இரண்டு பேசின் காக்காப்பூ

என் கணவருக்கு எதிரில் இருப்பது பசியோடு இருக்கிறது என்று தோன்றிவிட்டால் போதும், கை சும்மா இருக்காது. சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் அவருக்கு வேலை. நான் கட்டிக் கொடுக்கும் மத்தியானச் சாப்பாட்டில் பாதி யாருக்காவது போய்விடும். காக்கை, பூனை, தபால்காரர், மொட்டைமாடி ரோஜாச் செடிகள் என்று அவர் பேதம் பார்த்ததில்லை. ரோஜாக்களுக்கு வாரம் தவறாமல் கடலைப் புண்ணாக்கு ஊறிய தண்ணீர் உண்டு. அந்த வாடையோடு குடும்பம் நடத்தியவள் நான்.

கரமனைப் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால் ஒரு வயல் கிடந்தது. இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. வயல் பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சியின் குடும்பச் சொத்து. சேச்சிக்கு என் வயதுதான். சண்டை போட்டால் அன்று சாயங்காலமே ஏதாவது சாக்கில் வந்து நிற்பாள். நெல் போடுவதை நிறுத்திப் பல வருஷமாகியிருந்தது. ஆனால் மழைக்குத் தண்ணீர் கட்டியதும் ஆவணி வாக்கில் அங்கே காக்காப்பூ பூத்துவிடும். நூல்போல ஒரு தண்டு, இலையைத் தேடித்தான் பார்க்கவேண்டும், நுனியில் கருநீலத்தில் குட்டிப் பூ. ஒன்றைப் பார்த்தால் ஒன்றுமில்லை. வயல் நிறைய நிற்கும்போது யாரோ துணிக்குப் போடும் நீலத்தைக் கொட்டிவிட்டுப் போனாற்போல இருக்கும்.

ஓணத்துக்குப் பத்து நாள் முன்னால், அத்த நட்சத்திரத்தன்று தொடங்கி வாசலில் பூக்களம் என்கிற பூக்கோலம் போட அதைத்தான் பறிப்பாள் சேச்சி. நானும் கூடப் போய்ப் பறித்திருக்கிறேன். அள்ள அள்ளக் குறையாது என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம்.

ஒரு தை மாதம் வயலை விற்பது என்று சேச்சியின் அண்ணன்மார் முடிவு செய்தார்கள். வாங்குகிறவர் செம்மண் அடித்து மேடாக்கி வீடு கட்டப்போகிறார். சேச்சி அதைப்பற்றி அதிகம் பேசவில்லை. காக்காப்பூவை மட்டும் எப்படியாவது வைத்துக்கொள்ள முடியுமா என்று என்னைக் கேட்டாள்.

என் அலுவலகத் தோழியின் தங்கை தாவரவியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவளை அழைத்து வந்தேன். இந்தச் செடிக்கு ஆயுள் ஒரு மழைக்காலம்தான், தூசிபோன்ற அதன் விதை இப்போது காய்ந்த மேல்மண்ணில்தான் கிடக்கும் என்றாள் அந்தப் பெண். மண்ணுக்குச் சொந்தக்காரியின் சம்மதத்தோடு சுரண்டி எடுத்து, அகலமான பிளாஸ்டிக் பேசினில் பரப்பி, மழைத்தண்ணீர் நிறுத்தச் சொன்னாள். வேறிடத்து விதையை அதில் கலக்கக்கூடாது. இரக்கப்பட்டு வேறு வயலில் கொண்டுபோய்ப் போடவும் கூடாது. முக்கியமாக, உரம் ஒரு துளிகூட ஆகாது. சத்தில்லாத மண்ணில் வாழப் பழகிய செடி அது. அடியில் கண்ணுக்குத் தெரியாத பைகள் வைத்துத் தண்ணீரில் நீந்தும் சிறு உயிர்களைப் பிடித்துத் தின்னும்.

இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவள் போனபிறகு, "பாவம், அது எம்புட்டுத்தான் பிடிச்சுத் திங்கும்?" என்றார். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

பங்குனி வெயிலில் நானும் சேச்சியும் குனிந்து குனிந்து மண் சுரண்டினோம். இரண்டு பேசின் நிறைந்தது. ஒன்று மாடியில், ஒன்று கிணற்றடியில். அடுத்த வாரம் டிப்பர் லாரிகள் வந்தன. பத்தே நாளில் வயல் இருந்த இடம் செக்கச்சிவந்த மைதானமாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வயல் என்று சொல்ல எங்களிடம் இருந்தது அந்த இரண்டு பேசின்தான்.

மழை பிடித்த பிறகு மண்ணில் பச்சை நூல் நூலாக ஏதோ கிளம்பியது. இவருக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் கடைக்குப் புறப்படுமுன் பேசின் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்ப்பார். ஆடிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிணற்றடியில் அந்தப் பழகிய வாடை. போய்ப் பார்த்தால் வாளியும் கப்புமாக நிற்கிறார். கையும் களவுமாகப் பிடித்தேன்.

"நேத்து மேல உள்ளதுக்குக் கொடுத்தாச்சு. இதுக்கு மட்டும் கொடுக்காம இருந்தா பாவம்லா?" என்றார்.

வாளியைப் பிடுங்கி வடிகாலில் கொட்டிவிட்டு மாடிக்கு ஓடினேன். தண்ணீரை மாற்றினேன், மறுபடி மாற்றினேன். ஒரு வாரத்தில் மாடிப் பேசின் முழுக்கப் பாசி படர்ந்து, ஏதேதோ புல் மதமதவென்று எழும்ப, காக்காப்பூத் தண்டுகள் அழுகிப் படுத்துவிட்டன. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சின்ன வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அன்றைக்கு மட்டும் இவர் பள்ளிக்கூடம் போகவில்லை போலிருக்கிறது. இரண்டு நாள் நான் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கடைக்குப் புறப்பட்டதைப் பார்க்கச் சகிக்காமல் நானே இட்டிலித் தட்டோடு வாசலுக்குப் போனேன்.

நல்லவேளை, கிணற்றடிப் பேசினில் இன்னும் ஊற்றியிருக்கவில்லை; ஆனால் நிழலில் அதில் முளைத்திருந்ததே எண்ணி ஒன்பது தண்டு. அத்தத்துக்குச் சரியாகப் பூத்தன.

அத்தத்தன்று காலை சேச்சி குளித்து, பூப்பறிக்க வாழையிலையைக் கூம்புபோலக் கும்பிளாகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒன்பதையும் பறித்துவிட்டால் விதை இல்லை, அடுத்த வருஷம் இல்லை, அதற்கப்புறம் எப்போதும் இல்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? அவள் வயலின் பூ அது. மாடிப் பேசின் போன கதையையும் நாங்கள் அவளிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

சேச்சி பேசினருகே உட்கார்ந்தாள். கைநீட்டுவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் இவர் வந்து, மாடியில் இருந்ததை நான்தான் கொன்னுட்டேன், புண்ணாக்குத் தண்ணி ஊத்திக் கொன்னுட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

சேச்சி பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எங்களிடம் பேசுகிற அவளுடைய அரைத் தமிழில் மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணாச்சி சோறு போட்டுக் கொன்னது. நாங்க மண்ணு போட்டுக் கொன்னோம். வயல வித்த பத்திரத்தில என்றெ கையொப்பும் உண்டு."

பிறகு, "பறிக்க வேண்டா. விதைக்கு நிக்கட்டும்," என்று எழுந்தாள். காலிக் கும்பிளைப் பிடித்தபடியே வேலியைத் தாண்டிப் போனாள். அந்த வருஷம் பத்து நாளும் அவள் வாசலில் பூக்களம் இல்லை. எனக்கு அவள்மேல் அவ்வளவு பிரியம் அதற்கு முன் வந்ததில்லை.

விதை உதிர்ந்து, தண்டு பட்டுப்போய், கோடையில் பேசின் வெறும் காய்ந்த மண்ணாகக் கிடந்தது. மறு வருஷம் மழை தொடங்கிய நாலாம் நாள் விளிம்போரமாகப் பச்சையைக் கண்டதும், குடையைக்கூட எடுக்காமல் சேச்சி வீட்டுக்கு ஓடினேன்.