எழுதாமல் விட்ட முக்கால் மணி

சாவோ கார்லோஸ் பல்கலைக்கழகத்தின் பீங்கான் ஆய்வகத்தில் இருபத்தெட்டு வருஷமாக உலையைக் கவனிப்பவர் ஐவோனி. உலைக்குச் சூடு போதுமா என்று மீட்டரைப் பார்க்கமாட்டார். பக்கத்தில் நின்று மோந்து பார்த்தே சொல்வார். ஒருமுறை மீட்டரும் அவரும் முரண்பட்டார்கள். மாற்றப்பட்டது மீட்டர்தான்.

பக்கத்து ஊர் டைல்ஸ் தொழிற்சாலைக்காகப் பேராசிரியர் தார்சீசியோ மெல்லிய டைல்ஸுக்கு ஒரு களிமண் கலவை கண்டுபிடித்தார். ஆய்வகத்தில் சுட்டால் கீறல்கூட விழாது. தொழிற்சாலையில் சுட்டால் அப்பளமாக நொறுங்கியது. இரண்டு தடவை நொறுங்கியதும் தொழிற்சாலை எஞ்சினியர் ஓசிமார் நேரிலேயே வந்துவிட்டார்.

"அடுத்த தடவையும் இப்படின்னா ஒப்பந்தம் முடிஞ்சுது புரொஃபசர். நாங்க குடுத்த உலையையும் லாரியில ஏத்திருவோம்."

பேராசிரியர் செய்முறையை உரக்கப் படித்தார்: அரை, அச்சில் அழுத்து, சுடு. அப்போதுதான் ஐவோனிக்கு உறைத்தது. அவர் டைல்ஸை நேராக உள்ளே வைத்ததே இல்லை. முதலில் உலையின் தலைமேல் அடுக்குவார். பக்கத்திலேயே தன் சீஸ் ரொட்டியையும் வைப்பார். ரொட்டி சூடாகி, காபி குடித்து, கணக்குப் பிரிவுக்காரியைப் பற்றி நாலு வார்த்தை பேசி முடிக்க முக்கால் மணி ஆகும். அதற்குள் டைல்ஸின் ஈரம் பதமாக வற்றிவிடும்.

சொன்னாலும் ஆபத்து. ஆய்வகத்தில் சாப்பாடு வைத்ததற்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள். மூன்றாவது வந்தால் உலையை விட்டு நூலகத்துக்குப் போகவேண்டும்.

"ரொட்டியைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"இப்பவா ஐவோனிம்மா? பசிக்குதா?"

"இல்ல புரொஃபசர். என் ரொட்டியோட சேர்ந்துதான் உங்க டைல்ஸும் காயுது. நீங்க கேக்கல, நானும் சொல்லல."

"எத்தனை வருஷமா?"

"உங்களுக்குத் தலையில முடி இருந்த காலத்துலேர்ந்து."

ஓசிமார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எங்க ஆளுங்க அச்சுலேர்ந்து எடுத்ததும் நேரா உள்ள தள்ளுறாங்களே."

மறுவாரம் தொழிற்சாலையில் முக்கால் மணி காயவைத்துச் சுட்டார்கள். ஓசிமார் ஒரு டைலின் மேல் ஏறி நின்று பார்த்தார். அவருடைய நூற்றுப்பத்து கிலோவுக்கும் அதில் கீறல்கூட விழவில்லை.

எச்சரிக்கைக் கடிதமும் தவறாமல் வந்தது. கூடவே ஓசிமார் அனுப்பிய புதிய ஒப்பந்தம்: 'உலை எங்களுடையது. ஐவோனியைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது.' நிர்வாகம் திருதிருவென்று விழித்தது. கடைசியில் கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்து வைத்துவிட்டு, ரொட்டிக்கென்று வராந்தாவில் ஒரு சின்ன அடுப்பு வாங்கிப் போட்டார்கள்.

அதில் ரொட்டி அடியில் கருகுகிறது என்று ஐவோனி வாரம் தவறாமல் நிர்வாகத்துக்குப் புகார் எழுதுகிறார்.