ஏழு எழுத்து ஆட்டம்

எங்கள் வீட்டில் அந்த ஆட்டத்தைத் தொடங்கியது என் கணவர்தான். மகளின் இங்கிலீஷ் வளரும் என்று போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் ஒரு பெட்டி வாங்கி வந்தார். உள்ளே பிளாஸ்டிக் சில்லுகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஆங்கில எழுத்து. அவர் ஆபீஸ் விட்டு வந்து டீ குடித்ததும் மகள் கண்ணை மூடிக்கொண்டு ஏழு சில்லுகளை எடுத்துப் போடுவாள். அந்த ஏழை மட்டும் வைத்து நானும் அவரும் வார்த்தைகள் எழுத வேண்டும். நேரம் பார்ப்பது அவர் போனில். அதனால் போன் எப்போதும் அவர் மடியிலேயே இருக்கும். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் வந்ததில்லை.

நான் ராமநாதபுரம் பக்கத்துப் பெண். கல்யாணமாகிக் கப்பலேறிப் போர்ட் பிளேர் வந்தவள். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் தபாலில் ஒரு பி.ஏ. அவர் இங்கேயே பிறந்து கான்வென்ட்டில் படித்தவர். டெலானிபூர் குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் எல்லோருக்கும் அது தெரியும். அவரே சொல்லியிருந்தார்.

ஆட்டத்தில் ஒரு நாளும் நான் ஜெயித்ததில்லை. ஆர், ஏ, ஐ, என், எஸ், டி, ஓ என்று விழுந்த அன்று நான் 'ரெயின்', 'டிரெயின்', 'ஸ்டெயின்', 'ஸ்டார்' என்று எழுதினேன். 'ரேஷியோ' கிடைத்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. அவர் தாள் நிறைய எழுதியிருந்தார். அதில் 'அராயிண்ட்' என்று ஒன்று.

"இதுக்கு என்னங்க அர்த்தம்?"

"அர்த்தமெல்லாம் ச்சோடோ, விடு. டிக்ஷனரில இருக்கா இல்லையா, அதான் ரூல்."

மறுநாள் தேடிப் பார்த்தேன், இருந்தது. விலகிப் போ என்று விரட்டும் பழைய சொல்லாம். இந்த மனுஷனுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று வியந்தேன். அந்த வியப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

தோற்பதோடு போயிருந்தால் பரவாயில்லை. மகள் வீட்டுப்பாடத்தில் சந்தேகம் வந்தால் என்னைத் தாண்டிப் போக ஆரம்பித்தாள். "உனக்கு வராதும்மா. அப்பா வரட்டும்" என்பாள். பத்துபஸ்தியிலிருந்து அவருடைய ஆபீஸ் நண்பரும் மனைவியும் சாப்பிட வந்திருந்தபோது, "இவளுக்கு ஏழு எழுத்தைக் கொடுத்தா அஞ்சு வார்த்தை தாண்டாது, பக்கா தமிழ் மீடியம்" என்று சொல்லிச் சிரித்தார். நான் மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம்தான் பக்கத்து நர்சரிப் பள்ளியில் உதவி ஆசிரியை வேலைக்கு ஆள் கேட்டார்கள். போகட்டுமா என்று கேட்டேன். "டெய்லி நம்ம கேம்லயே பாக்குறோமே. பேரண்ட்ஸ் முன்னாடி நின்னு எப்படிப் பேசுவ? அசிங்கமாயிரும்" என்றார். நான் போகவில்லை. அவர் சொன்னது நியாயம் என்றே நம்பினேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் ஊர் முழுக்க இன்டர்நெட் போய்விட்டது. அன்று டீ குடித்ததும் தலைவலி என்றார். மகள் விடவில்லை.

"டைமருக்கு நெட் எதுக்குப்பா? வாங்க."

பி, எல், ஏ, என், இ, டி, கடைசியாக இன்னொரு டி, நாயைச் சொல்லும் 'டாக்'கில் வருவது. நான் 'பிளானெட்', 'பிளேட்', 'பேனல்', 'பெடல்', 'டென்ட்டல்' என்று எழுதிக்கொண்டே போனேன். அவர் தாளில் 'பிளான்', 'பிளான்ட்', 'லேட்'. அவ்வளவுதான். மகள் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "தலைவலின்னு சொன்னேன்ல" என்று எழுந்து போய்விட்டார். நானும் பாவம் என்று சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

நெட் வந்த அன்று அவரே ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். பாதியில் பால் பொங்கும் வாசனை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தேன். மடியில் போன். திரையில் ஒரு கட்டம், அதற்குள் எங்களுடைய அதே ஏழு எழுத்துகள், கீழே வரிசை வரிசையாக வார்த்தைகள். அவர் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா இது?"

திடுக்கிட்டுத் திரும்பியவர் உடனே சிரித்தார். "அரே, மஜாக்தான். விளையாட்டுக்கு இப்படி மூஞ்சியைத் தூக்குற?"

அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை நானும் அடங்கியிருப்பேன்.

"அந்த ஸ்கூல் வேலைக்குப் போகாதேன்னு சொன்னீங்களே, அதுவும் மஜாக்கா? வந்தவங்க முன்னாடி என்னைச் சொல்லிச் சிரிச்சீங்களே, அது? இந்தப் பிள்ளை என்கிட்ட புத்தகத்தைக் கொண்டுவரதில்லையே, அது?"

"மெதுவா பேசு, பக்கத்து வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டும்!"

பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். சில்லுகள் கட்டிலுக்கடியில், அலமாரிக்கடியில் என்று சிதறின. மகள் அழுதாள். நான் பொறுக்கவில்லை, அவளையும் பொறுக்கவிடவில்லை. கடைசியில் அவர்தான் குனிந்து பொறுக்கினார்.

நர்சரியில் வேறு ஆள் சேர்ந்துவிட்டாள். ஆனால் சில மாதங்களில் இன்னொரு பள்ளியில் இடம் வந்தது. அவரிடம் கேட்கவில்லை. நேர்காணலில் நாக்கு ஒன்றிரண்டு இடத்தில் தடுமாறியது. அதை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது காலையில் அவருக்கு முன்பே நான் கிளம்பிவிடுகிறேன்.

அவர் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மெயின்லேண்டில் தமிழ்நாட்டுக்குக் குடிபோய்விட்ட மாமியார் வீடியோ காலில் வந்தார். "மருமக டீச்சராயிட்டாளாமே" என்றார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "டெய்லி கேம் வச்சு இங்கிலீஷ் ட்ரெயினிங் குடுத்ததே நான்தானேம்மா" என்றார்.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் அவர் கையிலிருந்து போனை வாங்கினேன்.

"அத்தை, அந்த கேமை உங்க பிள்ளை எப்படி விளையாடினார்னு சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்தேன். அவர் தடுக்க வந்தார். முழுவதும் சொல்லி முடிக்கும்வரை நான் போனைக் கொடுக்கவில்லை.